நாற்பத்து மூன்று வயதில் நான் எழுதிய பரீட்சை

“ஏம்மா, இந்த வயசிலே உனக்குப் பரீட்சையா?”

கேட்டது என் மாமியார். இடம் சமையலறை. நேரம் விடியற்காலை நாலரை மணி. அடுப்பில் பாலை வைத்துவிட்டு, மேடைமேல் நோட்டைப் பிரித்து வைத்து முணுமுணுத்துக் கொண்டிருந்தேன். பால் பொங்கி வழிந்து அடுப்பே அணைந்துவிட்டது!

சென்னையில் ஒரு கம்பெனியில் எட்டு வருஷம் சர்வர்களைப் பார்த்துக் கொள்ளும் வேலையில் இருந்தவள்தான் நான். இரண்டாவது பெண் பிறந்ததும், 2013-இல் வேலையை விட்டுவிட்டுத் திருச்சிக்கு வந்தோம். அப்புறம் வீடே உலகம். திடீரென்று என் கணவருக்கு பைபாஸ் ஆபரேஷன். கடையை அரை நாள்தான் திறக்க முடிகிறது. பெரியவளுக்கோ காலேஜ் செலவு தலைக்கு மேல் நிற்கிறது. “நான் மறுபடி வேலைக்குப் போறேங்க” என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. என் கையைப் பிடித்துக் கொண்டார்.

பழைய சிநேகிதி ஒருத்திக்கு போன் போட்டேன். “சர்வரெல்லாம் இப்போ க்ளவுடுக்குப் போயாச்சுடி. ஏ.இஸட்-104 எழுது, அப்புறம் பேசலாம்” என்றாள். மைக்ரோசாப்டின் ‘அஷ்யூர்’ க்ளவுடை நிர்வாகம் செய்கிறவர்களுக்கான பரீட்சை அது. ஆயிரத்துக்கு 700 எடுத்தால் பாஸ். நேரம் 100 நிமிஷம்.

மேகம் எங்கே இருக்கிறது?

க்ளவுட் என்றதும் ஆகாயத்தைப் பார்க்காதீர்கள்! பெரிய பெரிய கட்டிடங்களில் வரிசையாக அடுக்கிய கம்ப்யூட்டர்கள்தான் அவை. அஷ்யூருக்குப் புனே, மும்பை, நம்ம சென்னை ஆகிய ஊர்களில் அப்படி இடங்கள் உண்டு. நாம் சொந்தமாக மெஷின் வாங்க வேண்டாம்; வேண்டிய அளவு வாடகைக்கு எடுத்து, வேண்டாதபோது விட்டுவிடலாம். கல்யாணத்துக்குப் பாத்திரம் வாடகைக்கு எடுப்பது போலத்தான்.

முதல் தடவை விழுந்தேன்

அவசரம் யாரை விட்டது? யாரோ தொகுத்த கேள்வி-பதில்களை வாங்கி, ஸ்லோகம் மாதிரி உருப்போட்டேன். அது விதிக்கும் விரோதம், புத்திக்கும் விரோதம் என்று அப்போது தோன்றவில்லை. பரீட்சையில் வந்ததோ நிலைமையைச் சொல்லி, ‘இப்போது என்ன செய்வாய்?’ என்று கேட்கும் கேள்விகள். 588-தான் வந்தது. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். கட்டின பணம் வேறு போயிற்று.

வெளியே வந்தபோது மாமியார் காப்பி டம்ளரை நீட்டினார். “கல்யாணமாகி வந்த புதுசிலே புஸ்தகத்தைப் பார்த்து மைசூர்பாகு கிளறினியே, ஞாபகம் இருக்கா? நாலாவது தடவைதானே பதம் வந்தது? கையாலே செஞ்சு பாரும்மா.”

சுரீரென்று உறைத்தது எனக்கு.

கையால் செய்தபோது...

ஒரு கணக்கைத் திறந்து, படித்த ஒவ்வொன்றையும் செய்து பார்த்தேன். எத்தனையோ விஷயங்கள் வீட்டுக் கணக்காகவே புரிந்தன.

அதிகாரம் கொடுப்பது சாவிக்கொத்து சமாசாரம். ‘ரீடர்’ பார்க்கலாம், தொடக்கூடாது. ‘கான்ட்ரிபியூட்டர்’ எதையும் உண்டாக்கலாம், மாற்றலாம். ஆனால் சாவியை இன்னொருத்தருக்குத் தர முடியாது. ‘ஓனர்’தான் மாமியார்! யாருக்கு எவ்வளவு தேவையோ, அதற்கு மேல் கொடுக்காதே என்பதுதான் பாடம்.

பத்திரங்களை ஒரே பீரோவில் வைப்போமா? க்ளவுடிலும் ஒரே இடத்தில் 3 பிரதி வைப்பது ஒரு முறை. புனேயில் 3, சென்னையில் 3 என்று இரண்டு ஊரில் வைப்பது இன்னொரு முறை. ஓர் ஊரில் வெள்ளம் வந்தாலும் மற்றது பிழைக்கும். செலவு மட்டும் கூட.

நெட்வொர்க் கணக்கில்தான் தடுமாறினேன். 256 முகவரி உள்ள பகுதியில் நமக்குக் கிடைப்பது 251-தான்; 5 முகவரிகளை அஷ்யூர் தனக்கென்று எடுத்துக் கொள்ளும். ஏட்டில் எத்தனை தடவை படித்தும் மறந்தது. நானே ஒன்றை அமைத்துத் திரையில் 251 என்று பார்த்தேன். பிறகு மறக்கவே இல்லை.

அடி வாங்கியும் கற்றேன். ஒரு மெஷினை உண்டாக்கி, வேலை முடிந்ததும் அதன் உள்ளேயே ‘ஷட் டவுன்’ கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்தேன். பத்து நாள் கழித்துப் பார்த்தால் சுமார் 2,000 ரூபாய் பில்! உள்ளே அணைத்தால் மட்டும் போதாது. வெளியே அஷ்யூர் திரையில் ‘ஸ்டாப்’ கொடுத்து, ‘டீஅலகேட்’ ஆனதா என்று பார்த்தால்தான் மெஷின் வாடகை நிற்கும். அப்போதும் டிஸ்குக்குத் தனி வாடகை. அன்று முதல், படுக்கப்போகுமுன் கேஸ் சிலிண்டரை மூடுகிற மாதிரி அதையும் பார்ப்பது வழக்கமாயிற்று.

காவல் தெய்வம்

மூன்று மாதம் கழித்து வீட்டிலிருந்தே மறுபடி எழுதினேன். மேஜைமேல் ஒன்றும் இருக்கக்கூடாது, போன் எட்டாத தூரத்தில் இருக்க வேண்டும், அறைக்குள் யாரும் நுழையக்கூடாது. காமிரா வழியே கவனித்துக் கொண்டே இருப்பார்கள். காலிங் பெல், குக்கர் விசில், பேப்பர்காரர்... எனக்கு ஒரே உதறல்.

“நீ உள்ளே போ. நான் பார்த்துக்கறேன்” என்று மாமியார் வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அன்று எங்கள் வீட்டில் குக்கரே வைக்கவில்லை!

முடிந்ததும் திரையில் 764 என்று வந்தது. கதவைத் திறந்தேன். “என்னம்மா?” என்றார். சொல்ல வாய் வரவில்லை. என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு, சர்க்கரை டப்பாவைத் திறந்தார்.

சர்டிபிகேட் வந்ததும் வேலை ஓடி வந்துவிடவில்லை. ஐந்து மாதம் அலைந்தேன். “இத்தனை வருஷம் என்ன செய்தீர்கள்?” என்ற கேள்விக்குப் பலமுறை பதில் சொன்னேன். இப்போது வீட்டிலிருந்தே இரவு ஷிப்ட் பார்க்கிறேன். பழைய சம்பளத்தைவிடக் குறைவுதான். ஆனால் பெரியவளின் பீஸை நான் கட்டினேன்!

நீங்களும் எழுதப் போகிறீர்களா?

* தினமும் ஒரே நேரத்தில் ஒரு மணி நேரம் உங்களுக்கென்று கேட்டு வாங்கிக் கொள்ளுங்கள். தூக்கத்தைத் திருடாதீர்கள். நான் ஆறு மணிக்கு மாற்றிக் கொண்ட பிறகுதான் படித்தது மனதில் நின்றது.

* 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை, 20 அடி தள்ளி இருப்பதை 20 விநாடி பாருங்கள். கண் எரிச்சல் குறையும்.

* தப்பான விடைக்கு மார்க் குறைப்பதில்லை, எதையும் விடாதீர்கள். சில பகுதிகளில் பதில் சொல்லிவிட்டால் திரும்பிப் போக முடியாது; ஜாக்கிரதை.

* தோற்றால் 24 மணி நேரத்துக்குப் பிறகு மறுபடி எழுத அனுமதி உண்டு. ஆனால் அவசரப்படாதீர்கள்.

* பாஸ் செய்தபின் வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை.

எல்லாவற்றுக்கும் மேலே, வீட்டில் வாசலில் உட்கார ஒருவரைச் சம்பாதித்துக் கொள்ளுங்கள். பாதிப் பரீட்சை அங்கேயே பாஸ்!