அசால்ட்டா, ஃபாலா? ஆஸ்பத்திரிச் சீட்டில் ஒரு வார்த்தை



நம்ம பேச்சுல இங்கிலீஷ் வார்த்தை கலக்காத நாளே இல்லை. படம் நல்லா ஓடினா ஹிட். பைக்காரன் வந்து இடிச்சா டேஷ் அடிச்சுட்டான். சாராயம் ஏறினா கிக். சினிமாவுல கதாநாயகன் பேசினா பஞ்ச் டயலாக். யோசித்துப் பார்த்தால் இவை எல்லாமே அடிதடி வார்த்தைகள். ஹிட் என்றால் அடி. டேஷ் என்றால் மோதல். கிக் என்றால் உதை. பஞ்ச் என்றால் குத்து.

இன்னொன்றும் இருக்கிறது. "லோன் பாரத்தை அசால்ட்டா எழுதிடுவா" என்று சொல்கிறோம். சுலபமாகச் செய்வாள் என்ற அர்த்தத்தில் சொல்கிறோம். ஆனால் ஆஸ்பத்திரியிலும் போலீஸ் ஸ்டேஷனிலும் அசால்ட் என்றால் தாக்குதல். இந்த ஒரு வார்த்தையின் அருமை ஒரு சகோதரியின் அனுபவத்தில்தான் எங்களுக்குப் புரிந்தது.

நடந்தது என்ன?

அந்தச் சகோதரியை வீட்டுக்காரர் கட்டையால் அடித்ததில் கை வீங்கிவிட்டது. மாமியார்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். டாக்டர் "என்னம்மா ஆச்சு?" என்று கேட்டார். மாமியார் பக்கத்திலேயே நிற்கிறார். "வழுக்கி விழுந்துட்டேன் சார்" என்று சொல்லிவிட்டாள். டாக்டரும் சீட்டில் ஃபால் என்று எழுதினார். ஃபால் என்றால் விழுந்தது.

மூன்று வாரம் கழித்து மறுபடியும் அடி. இந்த முறை புகார் கொடுக்கத் துணிந்தாள். "முன்னாடியே கையை உடைச்சாரு" என்றாள். சீட்டை வாங்கிப் பார்த்தவர், "இதுல நீயே விழுந்ததா இருக்கேம்மா" என்றார். அவளுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. தன் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதே அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது.

'அடிச்சாரு' மட்டும் போதாது

தமிழில் அடிக்கு எத்தனை வார்த்தை! அறை, குத்து, உதை, மிதி, குட்டு, மொத்து. ஆனால் டாக்டர் கேட்டால் மட்டும் "அடிச்சுட்டாரு" என்று ஒரே வார்த்தையில் முடித்து விடுகிறோம். கன்னத்தில் அறைந்தால் அதை ஸ்லாப் என்பார்கள். பிடித்துத் தள்ளினால் புஷ். நீங்கள் இங்கிலீஷில் சொல்ல வேண்டியதில்லை. யார், எதனால், உடம்பில் எங்கே, எப்போது, எத்தனை முறை என்று தமிழிலேயே விவரமாகச் சொல்லுங்கள். நீங்கள் சொல்வதைத்தான் அவர் எழுத முடியும்.

கழுத்தை நெரித்திருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். வெளியே தடம் தெரியாவிட்டாலும் உள்ளே ஆபத்து இருக்கலாம். குரல் கம்மினாலோ, எச்சில் விழுங்க வலித்தாலோ, மூச்சு திணறினாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சீட்டில் வரும் சில வார்த்தைகள்

அலெஜ்டு: "இவர் சொன்னபடி" என்று அர்த்தம். நீங்கள் பொய் சொல்வதாக டாக்டர் எழுதிவிட்டார் என்று பயப்பட வேண்டாம்.
அப்ரேஷன்: சிராய்ப்பு. ஆபரேஷன் அல்ல.
கன்டூஷன்: ரத்தம் கட்டிக் கன்றிப் போன இடம்.
லேசரேஷன்: தோல் கிழிந்த காயம்.
ஃபிராக்சர்: எலும்பு முறிவு.
பிளன்ட்: கட்டை, கல் போன்ற கூர் இல்லாத பொருளால் பட்ட அடி.
ஷார்ப்: கத்தி, அரிவாள் போன்ற கூரான பொருளால் பட்ட காயம்.

சிம்பிளா, கிரீவியஸா?

காயத்தைச் சட்டம் இரண்டாகப் பிரிக்கிறது. சாதாரணக் காயம் சிம்பிள். கொடுங்காயம் கிரீவியஸ். எலும்போ பல்லோ முறிந்தாலும், கண் பார்வையோ காது கேட்பதோ நிரந்தரமாகப் போனாலும், முகம் நிரந்தரமாகச் சிதைந்தாலும் அது கொடுங்காயம். 15 நாள் கடுமையான வலியில் கிடந்தாலும், வழக்கமான வேலை செய்ய முடியாமல் போனாலும் கொடுங்காயம்தான். பழைய சட்டத்தில் இது 20 நாளாக இருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 15 நாளாகக் குறைந்தது.

வேண்டுமென்றே சாதாரணக் காயம் ஏற்படுத்தினால் 1 வருடம் வரை சிறைத் தண்டனை. கொடுங்காயம் என்றால் 7 வருடம் வரை. அதனால் எக்ஸ்ரே முக்கியம். கை வீங்கினால் நேராக நாட்டு வைத்தியரிடம் கட்டுப் போடப் போகிறோம். கட்டுப் போடுவது உங்கள் விருப்பம். ஆனால் முதலில் எக்ஸ்ரே எடுத்து, அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

செய்ய வேண்டியவை

1. டாக்டரிடம் "தனியாப் பேசணும் சார்" என்று கேளுங்கள். முடிந்தால் குழுத் தோழி ஒருவரைத் துணைக்குக் கூட்டிப் போங்கள்.
2. எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். "அசால்ட்னு போட்டிருக்கீங்களா, ஃபால்னு போட்டிருக்கீங்களா?" என்று கேட்பதில் தப்பே இல்லை.
3. போலீஸ் ஸ்டேஷனில் நீங்கள் வாயால் சொல்லும் புகாரை எழுதி, உங்களுக்குப் படித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்க வேண்டும். இது சட்டம். எஃப்.ஐ.ஆர் நகல் இலவசம்.
4. சீட்டு, எக்ஸ்ரே, ரசீது எல்லாவற்றையும் ஒரு நகல் எடுத்து நம்பிக்கையானவர் வீட்டில் வையுங்கள்.
5. பெண்கள் உதவி எண் 181. அவசரத்துக்கு 112. மாவட்ட சமூக நல அலுவலகத்திலும் உதவி கேட்கலாம்.

முன்பு "விழுந்துட்டேன்" என்று சொன்னவர்கள் மனம் தளர வேண்டாம். பயத்தில் அப்படிச் சொன்னேன் என்று பிறகும் உண்மையைச் சொல்லலாம். பார்த்தவர்கள் சாட்சி சொல்லலாம். அந்த ஒரு சீட்டோடு எல்லாம் முடிந்து விடாது. நம் சகோதரியும் அப்படித்தான் செய்தாள். பக்கத்து வீட்டு அக்கா சாட்சி சொன்னார். புகார் பதிவானது.

காயம் தெரிந்தால்தான் கொடுமை என்றும் இல்லை. கேவலமாகப் பேசுவது, மிரட்டுவது, செலவுக்குக் காசு தராமல் வாட்டுவது எல்லாமே 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி வன்முறைதான்.

சேமிப்புப் பாஸ்புக்கில் ஒரு ரூபாய் குறைந்தாலும் நாம் கேட்காமல் விடுவதில்லை. நம் உடம்பைப் பற்றி எழுதிய சீட்டையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். அடுத்த குழுக் கூட்டத்தில் இந்தப் பக்கத்தைச் சத்தமாக வாசியுங்கள். கேட்டுக்கொண்டிருப்பவர்களில் ஒருவருக்காவது இது தேவைப்படலாம்.