தின்ன மறந்த புழு

1959-ல் சூடானில் வெட்டுக்கிளிப் படையெடுப்பு. பச்சையாகக் கண்ணில் பட்டதையெல்லாம் மொட்டையடித்த அந்தக் கூட்டம் வேப்பமரங்களிலும் வந்து உட்கார்ந்தது. ஆனால் தின்னாமலே கிளம்பிவிட்டது. அதைக் கவனித்தவர் அங்கே இருந்த ஜெர்மானியப் பூச்சியியலாளர் ஹைன்ரிஷ் ஷ்முட்டெரர். டெல்லியில் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பிரதானும் அவருடைய சகாக்களும் வேப்பம்பருப்பைக் கரைத்துப் பயிரில் தெளித்துப் பார்த்து, வெட்டுக்கிளி அந்தப் பயிரைத் தொடவில்லை என்று 1962-ல் எழுதினார்கள். தானியக் குதிருக்குள் வேப்பிலை போட்டு வைத்த பாட்டிமார்களுக்கு இதில் வியப்படைய ஒன்றுமில்லை.

இரண்டு இடத்திலும் வெட்டுக்கிளி செத்து விழவில்லை, தின்னவில்லை, அவ்வளவுதான். இந்த வித்தியாசம் புரியாததால்தான் மாடித்தோட்டக்காரர்கள் பலர் வேம்பின்மேல் நம்பிக்கை இழக்கிறார்கள். மாலையில் தெளித்துவிட்டுக் காலையில் போய்ப் பார்த்தால் வெண்டை இலையில் புழு அப்படியே உட்கார்ந்திருக்கிறது. ‘இதெல்லாம் சும்மா’ என்று கடைக்கு ஓடிவிடுகிறார்கள்.

அந்தப் புழுவுக்குள் என்ன நடக்கிறது? வேப்பங்கொட்டையில் உள்ள அசாடிராக்டின் என்ற பொருள்தான் முக்கியமான ஆள். 1968-ல் இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழகத்தில் பட்டர்வொர்த்தும் மோர்கனும் அதைத் தனியாகப் பிரித்தெடுத்தார்கள். மிகச் சிக்கலான மூலக்கூறு அது. கேம்பிரிட்ஜில் ஸ்டீவன் லேயின் குழு அதைச் சோதனைச்சாலையில் செயற்கையாக உருவாக்கி முடிக்க 22 ஆண்டுகள் ஆயின, முடிந்தது 2007-ல். மரமோ அதை ஆண்டுதோறும் தரையில் உதிர்த்துக்கொண்டிருக்கிறது.

அசாடிராக்டின் முதலில் புழுவின் பசியைக் கெடுக்கிறது. அதையும் மீறித் தின்ற புழுவுக்கு அடுத்த ஆபத்து தோலுரிப்பில் வருகிறது. புழு வளர வேண்டுமானால் பழைய தோலைக் கழற்றியாக வேண்டும். அதற்கு உத்தரவிடும் எக்டைசோன் என்ற ஹார்மோன் சுரப்பதை இந்தப் பொருள் குழப்பிவிடுகிறது. தோல் பாதி கழன்ற நிலையிலோ, கழற்றவே முடியாமலோ புழு சாகிறது. இதற்குச் சில நாட்கள் பிடிக்கும். ஆகவே விரல் நீளத்துக்குக் கொழுத்த புழுவின்மேல் தெளிப்பது வீண். அதைக் கையால் பொறுக்கிவிடுவதே மேல். முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சுப் புழுக்களிடம்தான் வேம்பின் வேலை செல்லும்.

இலையை அரைத்துத் தெளிப்பவர்கள் உண்டு. பலன் குறைவு, ஏனென்றால் சரக்கு அதிகம் இருப்பது கொட்டைக்குள்ளே உள்ள பருப்பில். ஆனி, ஆடியில் உதிரும் பழங்களைப் பொறுக்கி, சதையைக் கழுவி நீக்கி, நிழலில் உலர்த்திக் காற்றோட்டமான பையில் வையுங்கள். பூஞ்சணம் பிடித்தது வேண்டாம். வருடக்கணக்கில் கிடந்த கொட்டையிலும் வீரியம் இருக்காது. 50 கிராம் பருப்பை இடித்து, துணியில் முடிந்து, கொஞ்சம் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்துப் பிழிந்தால் பால்போல் வெளுத்த சாறு வரும். மொத்தம் ஒரு லிட்டர் ஆகும்வரை தண்ணீர் சேர்த்து, இலையில் ஒட்டிக்கொள்ளக் கொஞ்சம் காதி சோப்பைக் கரைத்தால் கரைசல் தயார். வேளாண் துறையினர் சொல்லும் ஐந்து சதக் கரைசல் இதுதான்.

வெயிலில் அசாடிராக்டின் சீக்கிரம் சிதைந்துவிடும். அதனால் பொழுது சாயும்போது தெளிக்க வேண்டும். தேனீக்களும் அந்நேரம் கூடு திரும்பியிருக்கும். இலையின் அடிப்புறம் நனையாவிட்டால் பாதி வேலைதான் நடந்தது என்று அர்த்தம். மிச்சக் கரைசலை எடுத்து வைக்காமல் ஒரு வாரம் கழித்துப் புதிதாகத் தயாரித்துத் தெளியுங்கள்.

சாறு உறிஞ்சும் அசுவினிக்கும் மாவுப்பூச்சிக்கும் வெறும் சோப்புக் கரைசலே பெரும்பாலும் போதும். சோப்பு அவற்றின் மேல்தோலைச் சிதைத்து உடம்பு ஈரத்தை வற்றச் செய்கிறது. ஆனால் பூச்சியின்மேல் நேரடியாகப் பட வேண்டும். காய்ந்துபோன சோப்பால் பயனில்லை. துணி துவைக்கும் பவுடர் இலையைக் கருக்கலாம். செடியில் எறும்பு சாரை சாரையாக ஏறினால் முதலில் எறும்பைக் கவனியுங்கள். அசுவினி கழிக்கும் இனிப்புநீருக்காக அதன் எதிரிகளை விரட்டிக் காவல் காப்பது எறும்புதான்.

கத்தரித் தண்டுக்குள் புகுந்துவிட்ட துளைப்பானை எந்தக் கரைசலும் எட்டாது. வாடித் தொங்கும் நுனியைக் கிள்ளி அழிக்க வேண்டும்.

புகையிலைக் கஷாயத்தை மட்டும் நான் யாருக்கும் சொல்வதில்லை. நிக்கோட்டின் தாவரத்திலிருந்து வந்ததுதான். ஆனாலும் கடும் விஷம், தோல் வழியாகவே உடம்புக்குள் போகும். போதாததற்குப் புகையிலையிலிருந்து மொசைக் வைரஸ் தக்காளிக்குத் தொற்றவும் கூடும்.

எதைத் தெளிப்பதற்கு முன்னும் இலையைத் திருப்பிப் பாருங்கள். முதலைக்குட்டிபோல் நீண்டு, கருப்பில் ஆரஞ்சுப் புள்ளிகளோடு ஊர்வது பொறிவண்டின் புழு. அசுவினிதான் அதன் சாப்பாடு. அசுவினிக் கூட்டத்துக்குள் சில மட்டும் உப்பிப் பழுப்பேறி அசையாமல் இருந்தால், அவற்றுக்குள் குளவிக் குஞ்சுகள் வளர்கின்றன. 2008-ல் கோவைப் பக்கம் தலைகாட்டிப் பப்பாளியையும் மல்பெரியையும் நாசமாக்கிய பப்பாளி மாவுப்பூச்சியை அடக்கியதும் இப்படிப்பட்ட குட்டிக் குளவிகள்தான். 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைக்கப்பட்டவை. உப்பிய அசுவினிகள் நிறையத் தென்பட்டால் அந்த வாரம் கைத்தெளிப்பானை எடுக்க வேண்டாம்.