மெல்லிய காலணியும் ஆறாவது வாரமும்

கடந்த டிசம்பர் மாதத்தில் ஒரு நாள், நாற்பத்தாறு வயதுடைய ஒருவர் வலப்பாதத்தின் மேற்புறத்தில் வீக்கத்துடன் எங்கள் புறநோயாளிகள் பிரிவுக்கு வந்தார். கல்லூரியில் பயிலும் மகளும் வயது முதிர்ந்த தாயாரும் உடன் வந்திருந்தனர். நான்கு ஆண்டுகளாக நாள்தோறும் ஐந்து கிலோமீட்டர் ஓடுபவர் அவர். ஜனவரியில் சென்னை மராத்தானில் பத்து கிலோமீட்டர் ஓடப் பெயர் பதிவு செய்திருந்தார். முழங்கால் வலியால் சில மாதங்களாக அவதிப்பட்டதைக் கண்டு, மகள் பிறந்தநாள் பரிசாக ஒரு ‘பேர்ஃபுட்’ ஷூ வாங்கித் தந்திருக்கிறார். அணிந்த முதல் நாளே அவர் வழக்கமான ஐந்து கிலோமீட்டரையும் ஓடி முடித்துவிட்டார். கெண்டைக்கால் வலித்தது, பத்து நாளில் அதுவும் பழகிவிட்டது. முழங்கால் வலி குறைந்ததில் அவருக்குப் பெரும் மகிழ்ச்சி.

ஆறாவது வாரத்தில் பாதம் வலிக்கத் தொடங்கியது. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் மேலும் ஒரு வாரம் ஓடினார். காலையில் அவர் படியிறங்கும் முறை மாறியிருப்பதைக் கவனித்து, வற்புறுத்தி அழைத்து வந்தவர் மகளே. எம்.ஆர்.ஐ. பரிசோதனையில் இரண்டாவது மெட்டாடார்சல் எலும்பில், அதாவது விரல்களுக்குப் பின்னுள்ள ஐந்து நீண்ட எலும்புகளுள் ஒன்றில், அழுத்த முறிவு இருப்பது தெரிந்தது. “நான்தான் வாங்கிக் கொடுத்தேன், டாக்டர்” என்று கூறிவிட்டு அந்தப் பெண் தலைகுனிந்துகொண்டார். அவருக்கு அன்று நான் கூறிய விடையையே, அக்குடும்பத்தின் இசைவோடும் சில அடையாளங்களை மாற்றியும், இங்கே சற்று விரித்து எழுதுகிறேன்.

வழக்கமான ஓட்டக் காலணியில் குதிகால் பகுதி முன்பகுதியைவிட ஏறக்குறைய 8 முதல் 12 மில்லிமீட்டர் உயர்ந்திருக்கும். தடித்த மெத்தையும் உண்டு. பேர்ஃபுட் வகையில் இவ்வுயர வேறுபாடு அறவே இராது. அடித்தளம் மெல்லியது, எளிதில் வளையக்கூடியது. விரல்கள் விரிந்து ஊன்ற இடமிருக்கும். மெத்தை இல்லாத காலணியில் குதிகாலை ஓங்கி ஊன்றினால் வலிக்கும். ஆகவே பலர் தம்மையறியாமலே அடியைக் குறுக்கி, முன்பாதத்தாலோ நடுப்பாதத்தாலோ தரையைத் தொடத் தொடங்குகின்றனர். இதனால் முழங்காலின் மேல் விழும் பளு குறைகிறது. நம் நோயாளி கூறியது கற்பனையன்று.

ஆனால் ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப் போல் இரண்டு முதல் மூன்று மடங்கு விசை காலின் வழியே செல்கிறது. காலணியை மாற்றுவதால் அது மறைந்துவிடுவதில்லை. இடம் மாறுகிறது, அவ்வளவே. முழங்கால் இறக்கி வைத்ததைக் கெண்டைக்கால் தசையும், குதிகாலுக்கு மேலுள்ள அக்கிலிஸ் தசைநாணும், மெட்டாடார்சல் எலும்புகளும் சுமக்கின்றன.

இங்கேதான் கால அளவு முக்கியமாகிறது. தசை சில வாரங்களில் பழகிவிடும். எலும்பு அவ்வாறன்று. புதிய பளு விழுந்ததும் எலும்பு தன்னைப் புதுப்பிக்கத் தொடங்குகிறது. முதலில் பழைய எலும்பின் நுண்பகுதிகள் அரித்து நீக்கப்படுகின்றன. இதற்கு இரண்டு மூன்று வாரங்கள் ஆகும். அவ்விடத்தில் புதிய எலும்பு படிந்து உறுதிபெறச் சில மாதங்கள் தேவை. பூச்சு உதிர்ந்த சுவரைப் புதுப்பிக்கக் கொத்தனார் முதலில் பழைய பூச்சைக் கொத்தி எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த நிலையில் சுவர் முன்னைவிடப் பலவீனமாகவே இருக்கும். கெண்டைக்கால் வலி தீர்ந்து, ‘பழகிவிட்டது’ என்று ஓட்டக்காரர் வேகத்தைக் கூட்டுவதும் பெரும்பாலும் அதே வாரங்களில்தான்.

1855-ஆம் ஆண்டிலேயே, எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்படுவதற்கு நாற்பது ஆண்டுகள் முன்பு, பிரைட்ஹாப்ட் என்னும் பிரஷ்ய ராணுவ மருத்துவர், நெடுந்தூரம் அணிவகுத்து நடந்த வீரர்களின் பாதங்கள் வீங்கி வலிப்பதைப் பதிவு செய்தார். அவர் கண்டது இதே முறிவைத்தான். இன்றும் தொடக்க வாரங்களில் எக்ஸ்ரே இதைப் பெரும்பாலும் காட்டாது. எனவே ‘எக்ஸ்ரே நார்மல்’ என்ற சொல்லை, ஓடுவதற்கான அனுமதியாகக் கொள்ள வேண்டாம்.

அமெரிக்காவின் பிரிகாம் யங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வொன்றில் 36 ஓட்டக்காரர்கள் பங்கேற்றனர். அவர்களுள் 19 பேர் பத்து வாரங்களில் படிப்படியாக இவ்வகைக் காலணிக்கு மாறினர். அவர்களில் 10 பேருக்குப் பாத எலும்பின் மஜ்ஜையில் நீர்க்கோவை கூடியிருந்ததை எம்.ஆர்.ஐ. காட்டியது. பழைய காலணியிலேயே ஓடிய 17 பேரில் அவ்வாறு இருந்தது ஒருவருக்கு மட்டுமே. படிப்படியாக மாறியவர்களின் நிலையே இது என்றால், முதல் நாளே ஐந்து கிலோமீட்டர் ஓடியவரைப் பற்றி என்ன கூற!

எதிர்வாதம் ஒன்று எப்போதும் வரும். எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா 1960 ரோம் ஒலிம்பிக்கில் வெறுங்காலுடன் மராத்தான் ஓடித் தங்கம் வென்றாரே என்பார்கள். உண்மைதான்: 2 மணி 15 நிமிடம் 16 விநாடி. 1964-இல் டோக்கியோவில் அவரே காலணி அணிந்து 2 மணி 12 நிமிடம் 11 விநாடியில் ஓடி மீண்டும் வென்றார் என்பதை மட்டும் யாரும் என்னிடம் கூறுவதில்லை. ஹார்வர்ட் பேராசிரியர் டேனியல் லீபர்மேன் குழுவினர் 2010-இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்விலும், முன்பாதத்தால் மென்மையாகத் தரையிறங்கிய கென்ய ஓட்டக்காரர்கள் இளமை முதலே வெறுங்காலில் ஓடிப் பழகியவர்கள். அலுவலக ஷூவில் இருபது ஆண்டுகள் கழித்த பாதம் அதற்கு ஈடாகாது.

ஆகவே இக்காலணியே கூடாது என்று நான் கூறவில்லை. நீண்டநாள் முழங்கால் வலியுள்ள சிலருக்கு அது உதவக்கூடும். பாதத் தசைகளை வலுப்படுத்த, இதை அணிந்து நடப்பதே நல்ல பயிற்சி. முதல் மாதம் நடை மட்டும் போதும். வீட்டிலும் தெருவிலும் அரைமணி நேரத்தில் தொடங்கலாம். ஒற்றைக் காலில் நின்று குதிகாலை உயர்த்தி இறக்கும் பயிற்சியை இடைவிடாமல் இருபது முறை செய்ய இயலாதவர், இதில் ஓடத் தொடங்க வேண்டாம். இரண்டாம் மாதத்தில், வாரம் இரு நாள், ஓட்டத்தின் முதல் அரைக் கிலோமீட்டரை மட்டும் இதில் ஓடி, பின்பு பழைய காலணிக்கு மாறிக்கொள்ளலாம். அதன்பின் வாரத்திற்கு ஒரு சிறு கூடுதல். முழுமையாக மாற ஆறு மாதம் ஆனாலும் தவறில்லை. இருகால் தசைகளிலும் பரவலாக இருக்கும் வலி பொறுக்கத்தக்கது. எலும்பின் மேல் ஒரு விரலால் தொட்டுக் காட்டக்கூடிய வலி, பாதத்தின் மேற்புற வீக்கம், ஓய்விலும் தொடரும் வலி ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரைக் காணுங்கள். எலும்புத் தேய்மானம் உள்ளவர்களும், மாதவிடாய் தவறும் இளம்பெண்களும் தொடங்குமுன்பே வர வேண்டும்.

இவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்த அந்தத் தாயார், “நாங்கள் வெறுங்காலில் நடக்காத நடையா? எனக்கு அந்தச் செருப்பே வேண்டாம், புல்லில் வெறுங்காலோடு நடந்தால் சர்க்கரைக்கு நல்லதாமே?” என்றார். பதினேழு ஆண்டுகளாக அவருக்கு நீரிழிவு. கண்களை மூடச் சொல்லி, பத்து கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் அவர் பாதங்களைத் தொட்டேன். வலப்பாதத்தில் மூன்று இடங்களைத் தொட்டு முடித்த பின்பு, “இன்னும் ஆரம்பிக்கவில்லையா, டாக்டர்?” என்று கேட்டார். மகனும் பேத்தியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர்.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1946 முதல் பணியாற்றிய டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதப் புண்களுக்குப் பெருங்காரணம் உணர்விழப்பே என்பதை எடுத்துக்காட்டினார். வலி தெரியாதவர் அதே இடத்தை மீண்டும் மீண்டும் ஊன்றி நடக்கிறார். நீரிழிவிலும் நிகழ்வது இதுவே. மகனுக்கு ஆறாவது வாரத்தில் எச்சரிக்கை கொடுத்த வலி, தாயாருக்கு வரவே வராது. உணர்வு குறைந்த பாதத்திற்குப் பேர்ஃபுட் காலணியும் ஆகாது, புல்லில் வெறுங்கால் நடையும் ஆகாது, வீட்டுக்குள் வெறுங்காலும் ஆகாது. அவருக்கு எம்.சி.ஆர். செருப்பு எழுதிக் கொடுத்தேன். கோயிலுக்கு வெயிலேறும் முன் செல்லவும், பிராகாரத்தில் தடித்த காலுறை அணியவும் கூறினேன். இரவுதோறும் உள்ளங்கால்களையும் விரலிடுக்குகளையும் விளக்கொளியில் பார்க்கும் பொறுப்பைப் பேத்தி ஏற்றுக்கொண்டார்.

மகன் ஆறு வாரம் வளையாத அடித்தளமுடைய காலணியில் நடந்தார், மராத்தானை விட்டுவிட்டார். வலி முற்றிலும் நீங்கிய பின் பழைய ஷூவில் ஓட்டத்தைத் தொடங்கினார். பரிசு ஷூவில் நடை மட்டும். இப்போது வாரம் இரு நாள் முதல் ஒரு கிலோமீட்டரை அந்தப் பரிசு ஷூவில் ஓடுகிறார். பிறகு சாலையோரம் அமர்ந்து பழையதை மாட்டிக்கொள்கிறார். அதற்கான பையைச் சுமந்துகொண்டு மகள் சைக்கிளில் உடன் வருகிறாராம்.