ஓசையின்றி முடியும் நிரல்

திண்டுக்கல் பூட்டுக்குப் பெயர்பெற்ற ஊர். அவ்வூரின் நாகல் நகரிலும் சுற்றுப்புறச் சிற்றூர்களிலும் பூட்டுத் தொழில் தலைமுறைகளாக நடைபெற்று வருகிறது. 2019ஆம் ஆண்டில் திண்டுக்கல் பூட்டு புவிசார் குறியீடும் பெற்றது. சாவி நுழைந்தும் திறவாத பூட்டைத் தேர்ந்த கைவினைஞர் உடைப்பதில்லை. உள்ளிருக்கும் லீவர் தகடுகளுள் எது சாவிக்கு இசையவில்லை என்று ஒவ்வொன்றாக ஆராய்கிறார். கணினி நிரலின் பழுதையும் இவ்வாறே அணுகுதல் வேண்டும்.

சி++ மொழியில் நிரல் எழுதும் மாணவர் பலரும் எதிர்கொள்ளும் நிலை ஒன்றுண்டு. நிரல்பெயர்ப்பி பிழை எதனையும் காட்டுவதில்லை. ஆயினும் நிரலை இயக்கியவுடன் அது விடை தராமல் முடிந்துவிடுகிறது. செய்முறைத் தேர்வில் இவ்வாறு நேர்ந்தால், பதற்றத்தில் சரியான வரிகளையும் அழித்துவிடுவோர் உளர்.

நிரல்பெயர்ப்பி ஆராய்வது பெரும்பாலும் மொழியின் இலக்கணத்தையே. ‘சூரியன் மேற்கில் உதிக்கும்’ என்னும் தொடரில் இலக்கணப் பிழை இல்லை. கருத்துப் பிழை உண்டு. நிரலும் அத்தகையதே. எனவே மூன்று வினாக்களை வரிசையாக எழுப்புதல் நன்று.

1. விடை உண்மையிலேயே வரவில்லையா?

நிரலின் கோப்பை இருமுறை சொடுக்கி இயக்கும்போது ஒரு சாளரம் திறக்கிறது. நிரல் முடிந்ததும் அதுவும் மூடிக்கொள்கிறது. விடை தோன்றியும் கண்ணுக்கு எட்டாமற் போகிறது. கட்டளைச் சாளரத்தை முதலில் திறந்து, அதில் நிரலின் பெயரைத் தட்டச்சு செய்து இயக்கினால் விடை நிலைத்து நிற்கும். அவ்வாறு நின்றால் நிரலில் குறையில்லை.

2. நிரல் இயல்பாக முடிந்ததா?

ஒவ்வொரு நிரலும் முடியும்போது இயக்க முறைமையிடம் ஓர் எண்ணை ஒப்படைக்கிறது. சுழியம் என்பது இயல்பான முடிவைக் குறிப்பது மரபு. சுழியம் கிடைத்தும் விடை இல்லையெனில் நிபந்தனைகளை ஆராய வேண்டும். 1 முதல் 10 வரை அச்சிட வேண்டிய மடக்கில், ‘எண் 10ஐவிடப் பெரியதாக இருக்கும்வரை’ என்று நிபந்தனை எழுதிவிட்டால், மடக்கு ஒருமுறைகூட இயங்காது. வேறு எண் கிடைப்பின், முழு எண்ணைச் சுழியத்தால் வகுத்தல், அணியின் எல்லையை மீறுதல் போன்ற இயக்க நேரப் பிழைகளைத் தேட வேண்டும்.

3. நிரல் எந்த வரியில் நின்றது?

இடையிடையே அடையாளச் சொற்களை அச்சிடச் செய்து இதனை அறியலாம். ஆனால் ஓர் எச்சரிக்கை தேவை. ‘சி-அவுட்’ வழியாக அனுப்பப்படும் சொற்கள் முதலில் இடையகம் என்னும் தற்காலிக நினைவிடத்தில் தங்கக்கூடும். நிரல் திடீரென முறிந்தால் அவை திரைக்கு வராமலே அழியும். பிழை முந்தைய வரியில் இருப்பதாகத் தவறாகக் கருத நேரும். ஒவ்வோர் அடையாளச் சொல்லின் பின்னும் ‘எண்ட்-எல்’ சேர்த்தால் அது உடனே வெளியேற்றப்படும்.

இப்பிழைகள் வகுப்பறையோடு நின்றுவிடுவன அல்ல. 1996 ஜூன் 4 அன்று ஐரோப்பாவின் ஏரியன்-5 ஏவூர்தி புறப்பட்ட ஒரு நிமிடத்திற்குள் சிதறியது. 64 பிட் எண் ஒன்றை 16 பிட் இடத்தில் அடக்க முயன்றதால் அதன் வழிகாட்டும் கணினி செயல் நிறுத்தியதே காரணம். அந்நிரலும் நிரல்பெயர்ப்பியின் சோதனையைக் கடந்து வந்ததே.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து, மீண்டும் இயக்கி, விளைவைக் குறித்துக்கொள்ளும் மாணவர் பிழையின் இருப்பிடத்தைப் படிப்படியாக நெருங்குகிறார்.