திறவாத சிப்பியும் மூளையின் தூதர்களும்

தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடைபெற்ற காலத்தில் விந்தையான வணிகம் ஒன்றும் நடைபெற்றது. கரை சேர்ந்த சிப்பிகளைத் திறந்து பாராமலேயே, ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு என்று ஏலம் கேட்பார்கள். உள்ளே ஆணிமுத்தும் இருக்கலாம். ஒன்றுமே இல்லாமலும் போகலாம். 1961-ஆம் ஆண்டோடு அக்குளிப்பு நின்றுவிட்டது. எனினும், 'இன்னும் கூட்டிக் கேட்பதா, விட்டுவிடுவதா?' என்று வணிகர் தயங்கிய அந்த நொடி, மூளை முடிவெடுக்கும் விதத்தை விளக்க நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

தூதர்கள் யாவர்?

நம் மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. ஓர் அணுவுக்கும் அடுத்த அணுவுக்கும் இடையே மிக நுண்ணிய இடைவெளி உண்டு. அணுவின் வழியே மின்துடிப்பாக வரும் செய்தி, பெரும்பாலும் வேதிப்பொருளின் மூலமே இவ்விடைவெளியைக் கடக்கிறது. இப்பொருள்களே வேதித் தூதர்கள். குளூட்டமேட் அடுத்த அணுவைத் தூண்டும். காபா அதனை அடக்கும். டோபமைன், செரட்டோனின் ஆகியவையோ அச்செய்திகளின் வலுவைக் கூட்டியும் குறைத்தும் நெறிப்படுத்துபவை.

எதிர்பார்ப்பும் ஏமாற்றமும்

டோபமைனை 'இன்பப் பொருள்' என்று பலரும் எண்ணுகின்றனர். உண்மை சற்று வேறு. உல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் என்னும் அறிஞர் குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்து ஆராய்ந்தார். எதிர்பாராமல் சாறு கிடைத்தபோது டோபமைன் அணுக்கள் விரைந்து துடித்தன. விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று குரங்கு கற்றுக்கொண்டபின், துடிப்பு விளக்குக்கு மாறிவிட்டது. விளக்கு எரிந்தும் சாறு வராதபோது துடிப்பு வழக்கத்தினும் குறைந்தது. ஆக, டோபமைன் அறிவிப்பது கிடைத்த பொருளை அன்று. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வேறுபாட்டை.

இதை நம் வணிகருக்குப் பொருத்திப் பார்ப்போம். பத்துச் சிப்பி வெறுமையாயிருந்து பதினோராவதில் முத்துக் கிடைத்தால், மூளை அதனைப் பெரிதாகக் குறித்துக்கொள்ளும். மறுநாள் சிப்பிக் குவியலைக் கண்டதுமே ஆவல் எழும்.

இரு தூதரின் இழுபறி

அந்த ஆவலுக்குத் தடை போடுவது எது? இங்கேதான் செரட்டோனின் வருகிறது. ஜப்பானின் ஒகினாவாவில் 2014-இல் வெளியான ஆய்வில், செரட்டோனின் அணுக்களைத் தூண்டப்பெற்ற சுண்டெலிகள் இரைக்காக நெடுநேரம் பொறுமையுடன் காத்திருந்தன. 2024-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக அறிஞர்கள் இன்னும் ஒரு படி சென்றனர். பரிசு கிடைக்கும் வேளையில் சுண்டெலியின் மூளையில் டோபமைன் உயர, செரட்டோனின் தாழ்ந்தது. இரு மாற்றங்களையும் தடுத்தபோது, எது பரிசுக்கு அறிகுறி என்பதை அவற்றால் கற்க முடியவில்லை. ஒன்றை மட்டும் மீட்டுக் கொடுத்தும் பயனில்லை. வண்டிக்கு ஆக்சிலேட்டரும் வேண்டும், பிரேக்கும் வேண்டும் அன்றோ!

சமன் குலைந்தால்...

பார்க்கின்சன் நோயில் டோபமைன் அணுக்கள் அழிகின்றன. ஈடாக, டோபமைனைப் போலச் செயல்படும் மருந்துகள் தரப்படுகின்றன. அவற்றை உட்கொள்வோருள் சிலர், முன்பு சீட்டைத் தொட்டிராதவராயினும், சூதாட்ட வெறிக்கு ஆளாகின்றனர். மருத்துவர் மருந்தைக் குறைத்தால் அல்லது மாற்றினால் பலருக்கு அது தணிகிறது. ஆகவே, 'வயதான காலத்தில் புத்தி கெட்டுவிட்டது' என்று வீட்டார் ஏசுதல் முறையன்று; மருந்தைத் தாமாக நிறுத்தவும் கூடாது. மருத்துவரிடம் ஒளிக்காமல் கூறுவதே வழி.

மருந்து உண்ணாத நமக்கும் இதில் பாடம் உண்டு. கைப்பேசியில் பணம் வைத்து ஆடும் ஆட்டங்கள் அனைத்தும் திறவாத சிப்பிகளே. எப்போது வெற்றி வரும் என்று தெரியாமையே அவற்றின் கவர்ச்சி. 'அடுத்ததில் நிச்சயம் கிடைக்கும்' என்று தோன்றும்போது, அது நாம் போட்ட கணக்கா, தூதன் கொணர்ந்த துடிப்பா என்று ஒரு நிமிடம் நின்று கேட்டுக்கொள்வோம். அந்த ஒரு நிமிடம் பல குடும்பங்களின் சேமிப்பைக் காக்கும்.