28 இலட்ச ரூபா வீட்டுக்கு எவ்வளவு சம்பளம் வேண்டும்?

வவுனியாவில் என்னோடு வேலை செய்பவர்கள் இப்போது அடிக்கடி கேட்பது இது: "தோட்டச் சம்பளம்தான் 1,750 ரூபா ஆகிவிட்டதே, உங்கட ஆக்கள் இன்னும் ஏன் லயத்தில இருக்கினம்?" கேலியாகக் கேட்பதில்லை. போருக்குப் பிறகு இந்திய வீட்டுத்திட்டத்தின் 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாவில் வீடு கட்டத் தொடங்கி, போதாத காசுக்கு நகையை அடகு வைத்தவர்கள் அவர்களில் இருக்கிறார்கள். வீடு என்றால் என்ன செலவு என்று அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆகவே கணக்காகவே பதில் சொல்கிறேன்.

முதலில் வீட்டின் விலை. மலையகத்துக்கு மேலும் 10,000 வீடுகள் தருவதாக இந்தியப் பிரதமர் மோடி 2017 மே மாதம் நோர்வூட்டில் அறிவித்தார். அடிக்கல் நாட்ட 2024 பெப்ரவரி ஆனது. அதற்குள் சீமெந்தும் கம்பியும் ஏறி, வீடொன்றுக்கான தொகை 28 இலட்சமாயிற்று. அது நன்கொடை, கிடைத்தவருக்குக் கடனில்லை. ஆனால் முன்னர் கொடுத்த 4,000 வீடுகளையும் சேர்த்தாலும் எல்லோருக்கும் வராது. பட்டியலில் பெயரில்லாதவர் அதே அளவு வீட்டைத் தானாகக் கட்டினால்?

28 இலட்சத்தை 12 வீத வட்டியில் 20 வருடக் கடனாக எடுத்தால் மாதத் தவணை ஏறத்தாழ 30,800 ரூபா. வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தவணைக்குப் போனால் அடுப்பு எரியாது என்று வைத்துக்கொண்டால், மாதம் 92,500 ரூபா கையில் வரவேண்டும்.

இனி வரவு. 2026 ஜனவரி முதல் நாட்சம்பளம் 1,550, அரசு தரும் வருகைப் படி 200. மாதம் 25 நாளும் முழுப்பேர் விழுந்தால் 43,750. அடிப்படைச் சம்பளத்தில் 8 வீதம் சேமலாப நிதிக்குப் போக 40,650. புருசன், பெண்சாதி இருவரும் ஒரு நாள்கூடத் தவறாமல் மலைக்குப் போனாலும் 81,300தான். இன்னும் 11,000 குறைகிறது.

அந்த 25 நாள் என்பதே காகிதக் கணக்கு. அட்டன் பக்கம் தோட்டத்தில் கொழுந்தெடுக்கும் என் அக்காவுக்குப் பல மாதங்களில் 18 நாள்தான் வேலை. கொழுந்து இல்லாத காலத்தில் கிலோ குறைந்தால் அரைப்பேர். 18 நாளும் முழுப்பேர் என்றே வைத்தாலும் கைக்கு வருவது 29,300 ரூபாவுக்குள். தவணையே அதைவிடக் கூட!

கடன் வேண்டாம், சேமித்துக் கட்டலாம் என்பவர்களுக்கும் ஒரு கணக்கு உண்டு. மாதம் 5,000 ரூபா ஒதுக்கினால் 28 இலட்சம் சேர 46 வருடமும் எட்டு மாதமும். அக்காவுக்கு இப்போது 41 வயது. அதுவரை சீமெந்து விலை அப்படியே நிற்கும் என்று வேறு நம்ப வேண்டும்.

ஆனால் சம்பளத்தை இரட்டிப்பாக்கினால் கணக்கு சரியாகிவிடும் என்று நான் நினைக்கவில்லை. வீட்டுக் கடனுக்கு வங்கி முதலில் கேட்பது காணி உறுதி. 1970களில் தோட்டங்களை அரசு எடுத்தது. 1990களில் கம்பனிகளுக்கு நீண்டகாலக் குத்தகைக்கு விட்டது. காணி அரசினது, நிருவாகம் கம்பனியினது. நான்கு தலைமுறையாக லயத்தில் இருப்பவருக்கு அந்த 10 அடிக்கு 12 அடி காம்பரா எழுத்தில் சொந்தமில்லை. முன்னால் ஒரு குசினி இறக்கவும் துரையின் அனுமதி வேண்டும். அக்காவின் மூத்த மகன் கொழும்பில் கடையொன்றில் நின்று அனுப்பிய காசில் எழுப்பிய சுவரைத் தோட்டத்தில் பாதியில் நிறுத்திவிட்டார்கள். காசு இருந்தது, கட்ட இடமில்லை.

"சம்பளம் கூடட்டும் தம்பி, வேணாங்கல. எந்த மண்ணுல கட்டுறது?" என்று அக்கா கேட்கிறார். வன்னியில் பலர் எரிந்த வீட்டுக்குத் திரும்பியபோது காலடியில் தங்கள் காணியாவது இருந்தது. உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் காணி போனவர்களுக்கு அக்காவின் கேள்வி உடனே விளங்கும்.

வீட்டுத்திட்டத்தில் தரும் 7 பேர்ச்சஸ் என்பது சுமார் 1,900 சதுர அடி. மரக்கறித் தோட்டத்தோடு ஒரு குடும்பம் இருக்கப் போதும். 2025 ஒக்டோபரில் பண்டாரவளையில் 2,000 பேருக்கு வீட்டு உரிமைப் பத்திரம் வழங்கினார்கள். பத்திரம் வாங்குகிறவர்கள் அதில் தங்கள் பெயரையும் காணியின் எல்லையையும் பார்த்துவிட்டு, வங்கியொன்றில் காட்டி, இதை ஈடாக ஏற்பீர்களா என்று கேட்டுவிடுவது நல்லது. ஏற்றால்தான் மேலே சொன்ன தவணைக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதிலும் பொருளுண்டு.

அந்தக் கணக்கும் நிற்பதாயில்லை. 2025 நவம்பரில் டித்வா புயலும் மண்சரிவும் வந்தபின், முழுதாக அழிந்த வீட்டுக்கு அரசு அறிவித்த தொகை 50 இலட்சம். வீட்டின் விலை அதுதான் என்றால் மாதத் தவணை 55,000, தேவையான வருமானம் 165,000. ஒரே காம்பராவிலிருந்து நான்கு பேர் 25 நாளும் மலைக்குப் போனால் 162,600 வரும்.