பற்று நோட்டில் தெரியும் பனிக்காலம்



விருதுநகர் மாவட்டம் வெயிலுக்குப் பேர்போனது. இங்கே குளிரைப் பற்றி எழுதினால் சிலர் சிரிக்கக்கூடும். ஊட்டிக் குளிர் நமக்கு இல்லைதான். ஆனால் ஐப்பசி, கார்த்திகை அடைமழையும் மார்கழிப் பனியும் முதியவர்களைப் படுத்தும் பாட்டை நாம் ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறோம். கடுங்குளிர் நாடான பின்லாந்தைவிட மிதமான போர்ச்சுகலில்தான் குளிர்கால மரணங்கள் கூடுதல் விகிதத்தில் கூடுகின்றன என்று ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். அங்கே வீடுகள் குளிருக்கென்று கட்டப்பட்டவை அல்ல. நம் வீடுகளும் அப்படியே. ஓடு ஒழுகும், சிமெண்டுத் தரை சில்லிடும்.

நம் பகுதிக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. பட்டாசுத் தொழிலுக்கு வெயில் வேண்டும். தீபாவளி முடிந்ததும் ஆலைகள் சில வாரம் ஓய்ந்திருக்கும், மழையும் சேர்ந்துகொள்ளும். குளிர் வரும் நேரத்தில்தான் வீட்டில் பணம் வற்றும்.

2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்ததை அடுத்து, ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அப்போது சிவகாசிப் பக்கத்திலிருந்து நம்மிடம் சரக்கு எடுக்கும் சில்லறை வணிகர் ஒருவர் சொன்னது இது. அவர் கடையில் ஒரு பாட்டியம்மாள் பற்று வைத்திருந்தார். மகன் ஆலைக் கூலி. கார்த்திகையில் நோட்டில் முதலில் பால் நின்றது. பிறகு ரஸ்க் நின்றது. பிறகு சுக்கும் கருப்பட்டியும் நின்றன. கடைசியில் ஆளே வரவில்லை. மகள் வீட்டுக்குப் போயிருப்பார் என்று இவர் இருந்துவிட்டார். மூன்றாம் நாள் மனசு கேட்காமல் பையனை அனுப்பினார். மகன் வேலை தேடி வெளியூர் போயிருக்க, அந்த அம்மாள் ஈரத் தரையில் காய்ச்சலோடு கிடந்தார். அரசு மருத்துவமனையில் சேர்த்துப் பிழைத்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, நோட்டைச் சரியாகப் பார்த்திருந்தால் பத்து நாள் முன்னாலேயே தெரிந்திருக்கும்" என்று அவர் சொன்னது இன்றும் நம் காதில் நிற்கிறது. நாமும் நோட்டை பாக்கிக்காகத்தானே புரட்டுகிறோம்? வராத ஆளைத் தேடிப் போவது வசூலுக்கு மட்டும்தானா?

ஆகவே சில யோசனைகளை வணிகர்கள் முன் வைக்கிறோம்.

மழை மாதங்களில் முதியவர் பற்றை அடியோடு நிறுத்த வேண்டாம். பால், அரிசி, பருப்பு என்று ஒரு சிறு அளவுக்காவது வரம்பு வைத்துத் தொடரலாம். வழக்கமாக வருகிற முதியவர் இரண்டு நாள் வராவிட்டால் பையனை அனுப்பி விசாரிக்கலாம். செலவு ஒன்றுமில்லை.

காலிச் சணல் சாக்கு நம்மிடம் எப்போதும் இருக்கும். பருப்பு வந்த சாக்கை உதறி, வெயிலில் காயவைத்துப் பாய்க்கு அடியில் விரிக்கக் கொடுத்தால் தரைக் குளிர் ஏறாது. மிளகாய்ச் சாக்கு வேண்டாம், இருமல் வரும். உரம், மருந்து வந்த சாக்கு கூடவே கூடாது.

சுக்கு, மிளகு, திப்பிலியைச் சிறு பொட்டலங்களாகக் கட்டி வைக்கலாம். சுக்குமல்லிக் காப்பி தொண்டைக்கு இதம். ஆனால் அது மருந்துக்கு மாற்று அல்ல. சர்க்கரை நோயாளிக்குக் கருப்பட்டியும் சர்க்கரைதான் என்பதைச் சொல்லிக் கொடுங்கள். குளிரில் இரத்தக் கொதிப்பு ஏறும். ஆகவே ஊறுகாய், அப்பளத்தைக் குறைக்கவும், மாத்திரையை நிறுத்தாமல் இருக்கவும் சொல்லலாம். தாகம் தெரியாவிட்டாலும் வெந்நீர் குடிக்க வேண்டும். சர்க்கரை நோயால் கால் மரத்தவர்கள் காலில் வெந்நீர் ஊற்றுமுன் வேறொருவர் சூடு பார்ப்பது நல்லது.

ஒன்றை அழுத்திச் சொல்கிறோம். கதவை மூடிய அறையில் கரிச்சட்டி வைத்துக் குளிர்காய்வது உயிருக்கு ஆபத்து. அந்தப் புகையில் உள்ள விஷவாயுவுக்கு வாசனை இல்லை. உறங்குகிறவர் எழுந்திருக்க மாட்டார். பட்டாசுச் சரக்கு இருக்கும் இடத்தருகே கங்கு எதற்கும் ஆகாது என்பது நம் பகுதியில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முதியவர் உடல் சில்லிட்டு, பேச்சுக் குழறி, தூங்கி வழிந்தால் உடனே 108-ஐ அழையுங்கள்.

அரசு உதவிகளையும் எடுத்துச் சொல்லலாம். நம் ஊர் காமராசர் முதல்வராக இருந்த 1962-இல் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கிய முதியோர் உதவித்தொகை, 2023-இல் 1,200 ரூபாயாக உயர்ந்தது. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் கொதிப்பு, சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார்கள். முதியோருக்கான 14567 என்ற எண்ணை எழுதிக் கல்லா அருகே ஒட்டி வையுங்கள். கண் தெரியாதவருக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கப் பத்து நிமிடம் போதும்.

மகமை எடுத்தும், வீட்டுக்கு வீடு பிடியரிசி சேர்த்தும் பள்ளிக்கூடம் நடத்தியவர்கள் நம் முன்னோர். அது பிள்ளைகளுக்காகச் செய்தது. அந்தப் பிள்ளைகள்தாம் இன்று வயதாகி, நம் கடை வாசலில் போர்வையைப் போர்த்திக்கொண்டு நிற்கிறார்கள். இந்த ஐப்பசியில் கடை திறந்ததும் பற்று நோட்டை ஒருமுறை புரட்டுங்கள். பாக்கித் தொகையைப் பார்ப்பதற்கு முன், வாங்குவது குறைந்துபோன பெயர் எது என்று பாருங்கள்.